பெட்ரஜல்கா

பெட்ரஜல்கா என்பது சிலோவாக்கியாவின் தலைநகரான பிராத்திஸ்லாவாவில், டான்யூப் ஆற்றின் வலது கரையில் அமைந்துள்ள ஒரு நகர்ப்பகுதி ஆகும். ஏறத்தாழ 29 சதுர கிலோமீட்டர் பரப்பளவு கொண்ட இப்பகுதியில் 1,00,000க்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். நடு ஐரோப்பாவின் மிகப் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புத் தொகுதிகளுள் இதுவும் ஒன்று. சமூகவுடைமை ஆட்சிக்காலத்தில் கட்டப்பட்ட குடியிருப்புகளை நடப்பதற்கு உகந்தவையாகவும், முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுவர் ஆகியோருக்கும் ஏற்றவையாகவும் மாற்றுவதில் எழும் சிக்கல்களுக்கு இது ஓர் எடுத்துக்காட்டாக விளங்குகின்றது.

வரலாறு

1970கள் வரை பெட்ரஜல்கா வீடுகளும் தோட்டங்களும் நிறைந்த புறநகராக இருந்தது. புதிய குடியிருப்பின் வடிவமைப்புக்காக 1967 இல் பன்னாட்டுப் போட்டி ஒன்று நடத்தப்பட்டது. 1973 இல் கட்டுமானம் தொடங்கியது. பழைய வீடுகளில் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. தொழிற்சாலையில் வார்க்கப்பட்ட கற்காரைப் பலகைகளைப் பாரந்தூக்கிகளால் பொருத்தி வீடுகள் விரைவாக எழுப்பப்பட்டன. கடைகளும் பிற பொது வசதிகளும் அதே வேகத்தில் அமைக்கப்படவில்லை.

நடைபாதைத் திட்டம்

பள்ளி, மழலையர் காப்பகம், கடை ஆகியவை பெருஞ்சாலையைக் கடக்காமலே நடந்து செல்லும் தொலைவில் இருக்கவேண்டும் என்பது அக்காலக் குடியிருப்புத் திட்டங்களின் அடிப்படைக் கொள்கையாகும். இதற்கிணங்கப் பெட்ரஜல்காவின் சில பகுதிகளில், தரைமட்டம் ஊர்திகளுக்கும், அதற்கு மேல் உயர்த்திக் கட்டப்பட்ட மேடைகள் நடப்போருக்கும் ஒதுக்கப்பட்டன. பகுதியின் ஊடாகச் செல்லும் கோர்வாட்ஸ்கே ராமெனோ என்னும் கால்வாயின் கரைகள் நடைவழிகளாகப் பயன்படுகின்றன. நகரின் மையத்துடன் இணைக்கும் சுரங்கத் தொடருந்துப் பணி 1980களின் இறுதியில் தொடங்கி, 1989 ஆம் ஆண்டு ஆட்சிமாற்றத்தின் பின்னர் கைவிடப்பட்டது.

1989 க்குப் பின்

1993 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகக் குடியிருப்போர் தம் வீடுகளை விலைக்கு வாங்கிக்கொள்ள முடிந்தது. பல கட்டடங்களுக்கு வெப்பக் காப்பும் புதிய வண்ணமும் இடப்பட்டன. ஆனால், கட்டடங்களுக்கு இடைப்பட்ட பொதுவெளி அதே அளவு கவனம் பெறவில்லை. மகிழுந்துகள் பெருகி நடைபாதைகளிலும் தெருமுனைகளிலும் நிறுத்தப்படலாயின. இதனால் குழந்தைவண்டி தள்ளுவோரும் சக்கர நாற்காலியில் செல்வோரும் சாலையில் இறங்கவேண்டிய நிலை ஏற்பட்டது. நடப்போரின் பாதுகாப்புக்காகக் கட்டப்பட்ட மேடைகளும், படிக்கட்டு வழியாக மட்டுமே ஏறக்கூடிய இடங்களில், நடக்க இயலாதோருக்குத் தடையாக உள்ளன.

மாற்றங்கள்

புதிதாகக் கட்டப்பட்ட பழைய பாலத்தின் (ஸ்டாரி மோஸ்ட்) வழியாக 2016 இல் அமிழ் தண்டூர்தி பெட்ரஜல்காவை வந்தடைந்தது. இப்பாலத்தில் நடப்போருக்கும் மிதிவண்டிகளுக்கும் தனிப்பாதைகள் உண்டு. 2025 இல் இத்தடம் ஏறத்தாழ 4 கிலோமீட்டர் தெற்கே நீட்டிக்கப்பட்டது. தெருவோர ஊர்தி நிறுத்தத்தை ஒழுங்குபடுத்தும் நோக்கில், குடியிருப்போருக்கு முன்னுரிமை அளிக்கும் கட்டணமுறையை 2022 முதல் பிராத்திஸ்லாவா நகரம் படிப்படியாக நடைமுறைப்படுத்தி வருகின்றது.

கருத்து வேறுபாடுகள்

இளம் குடும்பங்களாக இங்கு குடியேறியோர் இன்று முதுமை எய்தியுள்ளனர். இக்காலக் கட்டடங்கள் பலவற்றில் வாயிலுக்கும் மின்தூக்கிக்கும் இடையில் சில படிகள் உள்ளன. அங்கு சாய்தளம் அமைக்க வீட்டு உரிமையாளர்களின் வாக்கெடுப்பு தேவை. வாடகைக்கு இருப்போருக்கு இதில் வாக்குரிமை இல்லை. எனவே, தேவை மிகுந்தவரும் முடிவெடுப்பவரும் ஒருவராக இருப்பதில்லை. நிறுத்துமிடங்களைக் குறைத்து நடைபாதையை மீட்கவேண்டும் என ஒரு சாரார் கூற, நடக்க இயலாதோருக்கு வாயிலருகே மகிழுந்து வந்து நிற்பதும் இன்றியமையாதது என்ற கருத்தும் நிலவுகின்றது.

கிழக்கு செருமனியின் லைனஃபெல்டே நகரில் 1990 க்குப் பின் ஆலைகளில் வேலை குறைந்து மக்கள் வெளியேறியதால், சில கட்டடங்கள் இடிக்கப்பட்டன. வேறு சிலவற்றின் மேல்மாடிகள் அகற்றப்பட்டன. வீட்டுத் தேவை மிகுந்த பிராத்திஸ்லாவாவுக்கு இவ்வழி பொருந்தாது. ஆகவே, பெட்ரஜல்காவில் சீரமைப்பு என்பது பெரும்பாலும் கட்டடங்களுக்கு இடைப்பட்ட நிலத்தையும், வாயிலிலுள்ள அந்தச் சில படிகளையும் பற்றியதாகவே உள்ளது.