கொள்ளிடத்தின் இருபுறத்துப் பள்ளிகள்

கீழப்பழுவூர், திருச்சிராப்பள்ளி–சிதம்பரம் பெருவழியும் அரியலூர்–தஞ்சாவூர்ச் சாலையும் கூடும் இடத்தில் அமைந்த ஊராகும். பழுவேட்டரையர் வரலாற்றால் கல்வெட்டறிஞர் இதனை நன்கறிவர். இங்குள்ள ஆலந்துறையார் கோயில் சம்பந்தரால் பாடப்பெற்றது. அப்பதிகத்தில் மலைநாட்டு அந்தணர் குறிக்கப்படுகின்றனர். அதுகொண்டு இவ்வூரில் பண்டுதொட்டே அனைவர்க்கும் கல்வி வழங்கப்பெற்றது என எழுதிவிடுதல் எளிது. ஆயின், கோயில் நின்ற இடமெல்லாம் ஊர்ப்பிள்ளைகட்குப் பள்ளியும் நின்றது எனக் கொள்ளுதல் ஆய்வு நெறியாகாது. முதல் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரத்தில் 340 மாணவரும் 14 ஆசிரியரும் இருந்தமைக்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. எனினும் அது வேதக் கல்வியை முதன்மையாகக் கொண்ட கல்லூரியே. உழவர் மகனும் வணிகர் மகனும் எண்ணும் எழுத்தும் கற்ற இடம் அன்று.

ஊர்ப்பள்ளிகளை எண்ணிக்கையால் ஒப்பிடற்கு வாய்ப்பான சான்று, சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1822ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள் எழுதிய குறிப்பின்வழி மாவட்டக் கலெக்டர்கள் திரட்டிய பட்டியல்களாகும். தரம்பால் 1983இல் இவற்றை நூலாக வெளியிட்ட பின்னர், இவை நம்மிடையே பெரிதும் பேசப்படலாயின. மாகாணம் முழுமைக்கும் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர் என்பது அவற்றின் கூட்டுத்தொகை. இப்பெருந்தொகையைக் கண்டு வியந்து நின்றுவிடுவோர் பலர். பயன் தருவது மாவட்டங்களைத் தனித்தனியே நோக்குதலே என்பது எம் கருத்து.

பழுவூர் வட்டாரம் அந்நாளில் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்தது. கொள்ளிடத்தைக் கடந்து தெற்கே சென்றால் தஞ்சாவூர் மாவட்டம். திருச்சிராப்பள்ளியில் 790 பள்ளிகளும், தஞ்சாவூரில் 884 பள்ளிகளும் கணக்கிடப்பட்டன. வேறுபாடு மிகுதியன்று. ஆனால் உயர்கல்விக்குரிய கல்லூரிகள் தஞ்சாவூரில் 109, திருச்சிராப்பள்ளியில் ஒன்பதே. காவிரிப்படுகையின் நன்செய் வளமும், அக்கிரகாரங்கட்கு விடப்பட்ட மானியங்களும், மராட்டிய அரசவையின் ஆதரவும் இதற்குக் காரணமாதல் வெளிப்படை. கல்லூரிகள் கொடையால் வாழ்ந்தன. கொடை மிக்க இடத்தில் அவையும் மிக்கன.

பள்ளிகளின் நிலை வேறு. அவை பெற்றோர் தந்த கூலியால் வாழ்ந்தவை. திருச்சிராப்பள்ளியில் மாணவர் 10,331. பள்ளி ஒன்றுக்குச் சராசரி பதின்மூவர். தஞ்சாவூரில் மாணவர் 17,582. சராசரி ஏறத்தாழ இருபதின்மர். மாணவன் ஒருவன் திங்கள்தோறும் நான்கணா முதல் எட்டணா வரை கொடுத்தான் என்றும், ஆசிரியர் பெரும்பாலும் ஆறேழு ரூபாய்க்குமேல் ஈட்டுவதில்லை என்றும் மன்றோ 1826 மார்ச்சு 10ஆம் நாள் குறிப்பில் எழுதுகிறார். பதின்மூவரும் தவறாது எட்டணாவே கொடுத்தாலும் திருச்சிராப்பள்ளித் திண்ணையாசிரியர்க்குக் கிடைப்பது ஆறரை ரூபாய். நான்கணா வீதமாயின் மூன்றேகால் ரூபாய். தஞ்சாவூர் ஆசிரியர்க்கோ ஐந்து முதல் பத்து ரூபாய் வரை கிடைத்திருத்தல் கூடும். மழை பொய்த்த ஆண்டில் புன்செய் நிலத்து உழவன் முதலில் நிறுத்தியிருக்கக்கூடிய செலவு எதுவென்று நாம் கூறவேண்டுவதில்லை. பள்ளிகளின் எண்ணிக்கை ஒத்திருப்பினும் அவற்றின் உறுதி ஒத்ததன்று.

இனி, இப்பள்ளிகளைப் 'பொதுப்பள்ளிகள்' எனலாமோ என்பது அடுத்த வினா. திருச்சிராப்பள்ளிப் பட்டியலில் பார்ப்பனச் சிறுவர் 1,198, வைசியர் 229, சூத்திரர் என்னும் தலைப்பில் 7,745, பிற சாதியார் 329, முசுலிம் சிறுவர் 690. நூற்றுக்கு எழுபத்தைவர் 'சூத்திரர்' என்பது, கல்வி ஒரு சிலர் உடைமையாகவே இருந்தது என்னும் பழைய கூற்றை மறுக்கப் போதிய சான்றாகும். ஆயின் இதே பட்டியலைக் காட்டி, அனைவர்க்கும் கதவு திறந்திருந்தது என வாதிடுவாரும் உளர். அவர்கள் அந்த 329 என்னும் எண்ணை மீண்டும் ஒருமுறை நோக்குதல் வேண்டும். பத்தாயிரவர்க்கு மேற்பட்டார் பயின்ற மாவட்டத்தில் ஏனைச் சாதியார் அனைவரும் சேர்ந்து நூற்றுக்கு மூவர் என்ற அளவினரே.

பெண்கல்வி பற்றிய எண்கள் இன்னும் நுணுகி நோக்கத்தக்கன. திருச்சிராப்பள்ளியில் இந்துச் சிறுமியர் 84. முசுலிம் சிறுமியர் 56. தொகையளவில் முன்னது பெரிது. ஆயின் இந்து மாணவர் 9,585 பேருள் 84 என்பது நூற்றுக்கு ஒருவர்க்கும் குறைவு. முசுலிம் மாணவர் 746 பேருள் 56 என்பது நூற்றுக்கு எழுவர்க்கும் மேல். நடன மகளிர் அல்லாத இந்துப் பெண்டிர்க்குக் கல்வி தகாது என்று கருதப்பட்டதனை மன்றோவும் சுட்டுகிறார். கல்லூரிகள் நிறைந்த தஞ்சாவூரிலும் பள்ளி சென்ற இந்துச் சிறுமியர் 154 பேரே. உயர்கல்வியின் பெருக்கம் பெண்களின் எழுத்தறிவுக்குத் துணை செய்யவில்லை என்பது இதனாற் பெறப்படும்.

திருச்சிராப்பள்ளி மாவட்டம் கொள்ளிடத்தின் தென்புறத்தும் பரவியிருந்தது. ஆதலின் இவ்வெண்கள் மாவட்ட அளவினவேயன்றிப் பழுவூர்க்கே உரியனவாகா. எனினும், பின்னர் உடையார்பாளையம் தாலுகாவில் அடங்கிய இவ்வூர் எத்தகைய சூழலில் இருந்தது என்பதை அறிய இவை போதும்.

அரசு பொருள் தந்து நடத்தும் பள்ளியையே பொதுப்பள்ளி என்று கொள்வோமாயின், அதற்குரிய திட்டத்தையும் மன்றோவே வகுத்தார்: தாசில்தார் ஆட்சிப்பகுதி ஒவ்வொன்றிற்கும் ஒரு பள்ளி, ஆக 300 பள்ளிகள், ஆசிரியர்க்குத் திங்கள் ஒன்பது ரூபாய் ஊதியம். மாணவர் கூலியும் உடன் சேரும் என்பது அவர் கணிப்பு. திண்ணையாசிரியரின் ஆறரை ரூபாயோடு ஒப்பிட்டால் இது நல்ல ஊதியமே. ஆயின் தலைமையூரில் ஒரு பள்ளி என்பது, தொலைவிலுள்ள சிற்றூர்ப் பிள்ளைக்கு நடந்து எட்டக்கூடியதன்று. மன்றோ 1827இல் மறைந்தார். திறக்கப்பட்ட பள்ளிகள் நூற்றையும் எட்டவில்லை. 1836இல் அவையும் மூடப்பட்டன.