பத்து நிமிடக் களிமண்

பெரம்பலூர் பக்கம் காரை கிராமத்துக்குப் போயிருக்கிறீர்களா? மடிப்பு மடிப்பாகக் களிமண் மேடுகள். காலடியில் ஜிப்சம் துண்டுகள் மினுங்கும். சுமார் பத்து கோடி வருடங்களுக்கு முன் அது கடலின் அடித்தரை! 1862-ல் பிளான்ஃபோர்டு என்கிற வெள்ளைக்காரர் இந்த வட்டாரப் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சினாப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்காகப் பிரித்து எழுதிவைத்தார். இதே காவிரிப் படுகையில், கிழக்கே நரிமணத்தில் எண்ணெய் கிடைத்தது.

ஒரே படுகையில் களிமண்ணும் எண்ணெயும். இந்த இரண்டையும் ஒரே உலையில் சேர்த்தவர், நம்ம ஊரையே பார்த்திராத ஒரு பிரெஞ்சுக்காரர் - யூஜின் ஹூத்ரி. (அவர் எடுத்தது காரை மண் அல்ல, அதே மாதிரி களிமண்தான்!)

முதல் உலகப் போரில் டாங்கிப் படை அதிகாரி. 1917-ல் காயம்பட்டவர். அப்புறம் கார் பந்தயப் பைத்தியம். 'நல்ல பெட்ரோல் ஏன் கிடைப்பதில்லை?' என்பதுதான் அவருடைய கவலை.

கச்சா எண்ணெயைக் காய்ச்சினால் பெட்ரோல் கொஞ்சம்தான் வரும். மிச்சமெல்லாம் நீளச் சங்கிலி மூலக்கூறுகள். அவற்றை உடைக்க வேண்டும். அதற்குப் பெயர் கிராக்கிங். வெறும் சூட்டிலும் உடைக்கலாம். ஆனால், அந்தப் பெட்ரோலில் இன்ஜின் 'டக் டக்' என்று அடித்துக்கொள்ளும். ஹூத்ரி, அமிலத்தில் பதப்படுத்திய களிமண்ணை உலையில் போட்டார். மண்ணின் மேலுள்ள அமிலப் புள்ளிகள் சங்கிலியைப் பிடித்து, உடைத்து, கிளைவிட்ட துண்டுகளாக மாற்றிவிடும். இன்ஜின் சத்தம் போடாது!

சிக்கல் வேறு இடத்தில். பத்தே நிமிடம்... மண்மேல் கரி படிந்து வேலை படுத்துவிடும். எவ்வளவு வேகமாக உடைக்கிறதோ, அவ்வளவு வேகமாகச் சாகிறது! ஹூத்ரி அந்தக் கரியையே எரித்தார். ஒரு தொட்டி வேலை செய்யும்போது, அடுத்த தொட்டியில் காற்றைச் செலுத்திக் கரியை எரிப்பது... பிறகு தொட்டி மாற்றுவது.

பிரெஞ்சு அரசு கைவிட, 1930-ல் அமெரிக்கா போனார். 1937-ல் மார்க்கஸ் ஹூக்கில் சன் ஆயில் கம்பெனியின் ஆலை, தினம் 15,000 பீப்பாய் எண்ணெயைக் கையாண்டது. இரண்டே வருடத்தில் உலகப் போர். நேச நாட்டு விமானங்களுக்கு உயர் ரகப் பெட்ரோல் இந்த முறையில் வந்தது. ஹூத்ரியோ ஹிட்லருக்குப் பணிந்த விஷி அரசை வெளிப்படையாக எதிர்த்தார். குடியுரிமையைப் பறித்துவிட்டார்கள்!

1942-ல் பேட்டன் ரூஜில் தொட்டி மாற்றும் தொல்லையும் போனது. மண்ணைப் பொடியாக்கி ஓடவே விட்டார்கள். 1960-களில் களிமண் வகையறாவின் இடத்துக்கு ஜியோலைட் வந்தது. சென்னை மணலி ரிஃபைனரியின் கிராக்கரும் இந்த வம்சம்தான். சில விநாடி எண்ணெயோடு ஓடி, கறுத்து, பக்கத்து உலையில் கரி எரிந்து, வெளுத்துத் திரும்பி வருகிறது அந்தப் பொடி.