மின்னட் டி சில்வா கேட்ட கேள்வி

தோட்டத்து லயத்திலிருந்து மலிவு விலை அடுக்குமாடிக்கு நாங்கள் மாறிய நாளில், அம்மா வீட்டை இரண்டு முறை சுற்றி வந்துவிட்டுச் சொன்னார்: "சாமி மேடைய எங்க வைக்கிறது? அம்மி போட எடமே இல்ல. எங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுக் கட்டியிருக்கலாம்ல?" எல்லாரும் சிரித்தோம். வீடு கட்டுறவங்க, குடியிருக்கப் போறவங்ககிட்ட வந்து கேட்பாங்களா என்ன?

அப்படிக் கேட்ட ஒருவர் இருந்தார் என்பது எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. இலங்கையின் கண்டியில் பிறந்த மின்னட் டி சில்வா.

இணையத்தில் அவரைத் தேடினால் முதலில் வருவது 'முதல் பெண்' என்ற பட்டம். கட்டடக்கலை பயின்ற முதல் இலங்கைப் பெண். 1948இல் அரச பிரித்தானியக் கட்டடக் கலைஞர் கழகத்தின் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். அடுத்தது லெ கோர்பூசியேயுடன் அவருக்கிருந்த நட்பு. அதை வைத்து ஆங்கிலத்தில் நாவலே வந்துவிட்டது. அவர் என்ன கட்டினார் என்பது அதற்கெல்லாம் பிறகுதான் வருகிறது.

1918இல் பிறந்தவர். அப்பா ஜார்ஜ் டி சில்வா அரசியல்வாதி. அம்மா ஆக்னஸ், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். மின்னட் பம்பாயில் படித்தபோது காந்தியின் விடுதலையைக் கோரிய ஊர்வலத்தில் கலந்துகொண்டார். மன்னிப்புக் கடிதம் எழுத மறுத்ததால் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார். படிப்பை முடித்தது லண்டனில். 1949இல் ஊர் திரும்பி, கண்டியில் பெற்றோரின் வீட்டிலிருந்தே தொழிலைத் தொடங்கினார்.

முதல் வேலை, குடும்ப நண்பர்களுக்கான கருணாரத்ன இல்லம். 1951இல் முடிந்தது. மலைச்சரிவை வெட்டித் தட்டையாக்காமல், வீட்டையே சரிவுக்கு ஏற்றபடி தளம் தளமாக இறக்கினார். கான்கிரீட்டும் கண்ணாடிக் கற்களும் இருந்த அதே வீட்டில், தும்பறைப் பாய் நெசவாளர்களின் வேலைப்பாடும் சுட்ட மண் ஓடுகளும் இடம்பிடித்தன. சுவரில் ஜார்ஜ் கீட்டின் ஓவியம். கைவினைஞர்களை அலங்காரத்துக்காகக் கடைசியில் கூப்பிடாமல், கட்டுமானத்திலேயே சேர்த்துக்கொண்டதுதான் இதில் புதுசு. இந்தப் பாணியை அவர் 'நவீன வட்டாரக் கட்டடக்கலை' என்றார். பின்னாளில் இதே திசையில் உலகப் புகழ் பெற்ற ஜெஃப்ரி பாவா கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றது 1957இல்தான். பாவாவைக் குறைத்துச் சொல்லவில்லை. வரிசையைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

என் அம்மாவின் கேள்விக்குப் பதில் இருப்பது கண்டியின் வட்டப்புளுவ குடியிருப்பில். 1958இல் முடிந்த திட்டம், சுமார் 250 வீடுகள். வரப்போகிறவர்கள் பல இனத்தவர், பல மதத்தவர். வரைபடம் போடுவதற்கு முன் மின்னட் அவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்தார். எப்படி வாழ்கிறீர்கள், வீட்டில் என்ன வேண்டும், எவ்வளவு செலவழிக்க முடியும்? கூட்டம் போட்டும் பேசினார். பதில்களை வைத்து சில மாதிரி வீடுகளை வரைந்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஏற்ப மாற்றினார். இன்று இதற்குப் 'பங்கேற்பு வடிவமைப்பு' என்று பெயர், கருத்தரங்குகூட நடத்துகிறார்கள். அன்று அவர் அதைச் செய்துகொண்டிருந்தார்.

எழுபதுகளின் பிற்பாதியில் ஹாங்காங்கில் ஆசியக் கட்டடக்கலை வரலாறு கற்பித்துவிட்டுக் கண்டி திரும்பினார். வேலைகள் குறைந்துபோயின. இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவனம் தங்கப் பதக்கம் கொடுத்தது 1996இல். 1998 நவம்பரில் கையில் காசில்லாமல் கண்டி மருத்துவமனையில் இறந்தார். கடிதங்கள், பத்திரிகைத் துணுக்குகள், வரைபடங்கள், படங்கள் எல்லாவற்றையும் ஒட்டிச் சேர்த்து அவரே உருவாக்கிய தன்வரலாறு அதே ஆண்டில் வந்தது. தன் வேலையைத் தானே ஆவணப்படுத்தாவிட்டால் வேறு யாரும் செய்யமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

போன மாதம் அம்மாவிடம் அந்தக் கேள்வித்தாளைப் பற்றிச் சொன்னேன். சாமி மேடை, அம்மி என்று ஆரம்பிப்பார் என நினைத்தேன். "அந்தம்மா என்னைக் கேட்டிருந்தா, பின்வாசல் வேணும்னு சொல்லியிருப்பேன்" என்றார். லயத்தில் பக்கத்து வீட்டு அக்காக்களோடு அவருடைய பேச்செல்லாம் பின்வாசலில்தான். இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியவில்லை. நானும் கேட்டதில்லை.