ஈராறுகளின் நடுவே: ஒரு பொழுதுபோக்கு வனத்தின் முன்வரலாறு

அமெரிக்காவின் கென்ரக்கி, ரெனெசி மாநிலங்களிற் பரந்த ஏறத்தாழ 170,000 ஏக்கர் நிலத்தைத் தேசியப் பொழுதுபோக்குப் பிரதேசமாக்கும் திட்டத்தை 1963இல் ஜனாதிபதி கெனெடி அங்கீகரித்தார். கைத்தொழில் வளங் குன்றிய நிலமும் உல்லாசப் பயணத்தாற் பொருளாதாரப் பயன் தரும் என்பதை நிறுவுதலே ரெனெசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையின் நோக்கமெனப்பட்டது.

ஆயின் அது வெற்றுக் காடன்று. ரெனெசி, கம்பர்லாந்து ஆறுகளுக்கிடையே குடியானவர் பல தலைமுறைகளாக வாழ்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கு இரும்புலைகள் எரிந்தன. அவற்றுக்குக் கரியாக்கவே பெருமரங்கள் வீழ்த்தப்பட்டன. பயணிகள் இயற்கை வனமென வியப்பதிற் பெரும்பகுதி வெட்டியபின் மீள வளர்ந்ததே. 1944இல் கென்ரக்கி அணை நிறைவுற, ஆற்றோர வயல்கள் நீருள் மூழ்கின. அப்போது மேட்டுநிலத்துக்குப் பெயர்ந்தோரிற் பலர் 1960களில் மீண்டும் பெயர்க்கப்பட்டனர். விற்க மறுத்தோரின் காணிகள் நீதிமன்ற வழியே சுவீகரிக்கப்பட்டன. தேசத்துக்கென நிலமிழந்தோரும் அத்தேசத்தவரே என்பது கோப்புகளில் உறைக்கவில்லைப் போலும். கோல்டன் பொண்ட் என்னும் சிற்றூர் முற்றாக அகற்றப்பட்டது. அதன் பெயரை இன்று தாங்குவது கோளரங்கத்துடன் கூடிய ஒரு பார்வையாளர் நிலையம்.

1990களில் அதிகாரசபை வணிக அபிவிருத்தி யோசனைகளை முன்வைத்தபோது முன்னாட் குடிகளும் எதிர்த்தனர். இதற்காகவா எம்மை எழுப்பினீர் என்பதே அவ்வெதிர்ப்பின் சாரம். 1999இல் நிருவாகம் வனச் சேவையிடம் கைமாறியது. இருநூறுக்கு மேற்பட்ட இடுகாடுகள் மரங்களிடையே எஞ்சியுள்ளன. வழித்தோன்றல்கள் அவற்றைத் துப்புரவாக்க இன்றும் வருகின்றனர்.