மின்னணுத் தம்புரா

நான்கு தந்திகளின் இடையறா நாதத்தை மின்சுற்றினாலோ கணிப்பொறியினாலோ எழுப்பும் சுருதிக் கருவி. குழலிசைக் கலைஞரும் பொறியாளருமான பெங்களூர் ஜி. ராஜ்நாராயண் 1970களின் இறுதியில் இதனை உருவாக்கினார்.

மரத்தம்புராவில், வளைந்த குதிரையின்மீது தந்திக்கடியில் செருகப்படும் ஜீவாளி என்னும் பட்டு அல்லது பருத்தி நூலிழையைச் சற்றே நகர்த்தினாலும், தந்தி குதிரையை உரசும் விதம் மாறி, உபஸ்வரங்கள் மலர்ந்து நாதம் ஜீவன் பெறுவதால், பதிவுசெய்த ஒலியைத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்வதைக் காட்டிலும், அவ்வுரசலையே கணிதச் சமன்பாடுகளால் மாதிரியாக்கும் முறை யதார்த்தத்தை நெருங்க வல்லது.

கர்நாடக இசைப் பாடகர் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை (1889–1934) காலத்துக் கச்சேரிகளுக்கு மரத்தம்புராவே ஆதாரம். இன்று கைப்பேசிச் செயலியாகவும் கிடைக்கும் மின்னணுத் தம்புரா சாதகத்திற்குப் பெருந்துணை. எனினும் மேடையில் மரத்தம்புராவின் ஸ்தானத்தை அது முழுமையாக எய்தவில்லை.