செம்பு ரேடியேட்டரும் டீசல் பிக்கப்பும்

அமெரிக்காவில் டீசல் பிக்கப் வண்டி வைத்திருப்பவர் பழுதான ரேடியேட்டருக்கு மாற்று தேடும்போது எதிர்கொள்ளும் கேள்விகள், அதாவது செம்பும் பித்தளையுமா அலுமினியமா, குழாய் வரிசை இரண்டா நான்கா, தொட்டி பிளாஸ்டிக்கா உலோகமா என்பவை, ஏறத்தாழ நூறாண்டு கால உற்பத்தி முறைகளும் பட்டறைத் தொழிலும் விட்டுச்சென்றவை. அவற்றுள் சில இன்றும் பொருளுள்ளவை. சிலவோ, அவற்றுக்குக் காரணமான தொழில் தேய்ந்த பின்னும் வழக்கத்தால் மட்டுமே கேட்கப்படுபவை.

எரிபொருள் தரும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பயனுள்ள வேலையாக மாறுவதால், எஞ்சியதில் பெரும்பகுதி புகையோடும் எஞ்சினைச் சூழ்ந்தோடும் நீரோடும் வெப்பமாக வெளியேறியாக வேண்டும். 1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற முச்சக்கர வண்டியில் நீர் கொதித்து ஆவியாவதே குளிர்விப்பாக இருந்தமையால், வழியெங்கும் நீர் ஊற்றிக்கொண்டே செல்ல வேண்டியிருந்தது. இந்த இடரைத் தீர்த்தது 1900-இன் இறுதியில் உருவான மெர்சிடிஸ் 35 குதிரைத்திறன் வண்டிக்கு வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர். 6 மில்லிமீட்டர் பக்கமுள்ள 8,070 சதுரக் குழாய்களை அடுக்கிப் பற்றவைத்த அந்தப் பெட்டியில் குழாய்களுக்குள் காற்றும் அவற்றின் இடைவெளிகளில் நீரும் ஓடின. வண்டி சுமக்க வேண்டிய நீர் 18 லிட்டரிலிருந்து 9 லிட்டராகக் குறைந்தது. செய்வதற்குக் கடினமான இந்த அமைப்பு பின்னர் தலைகீழாகி, தட்டையான குழாய்களுக்குள் நீரும், குழாய்களுக்கு இடையே மடித்து வைக்கப்பட்ட மெல்லிய தகடுகளாகிய ஃபின்களின் ஊடே காற்றும் செல்லும் முறை நிலைபெற்றது. இன்றைய ரேடியேட்டரின் அடிப்படையும் அதுவே.

பித்தளைக் குழாய், செம்பு ஃபின், பித்தளைத் தொட்டி, இவற்றை இணைக்கும் ஈய வெள்ளீயப் பற்றாசு என்ற சேர்க்கை 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அசைக்க முடியாததாக இருந்தது. செம்பின் வெப்பங்கடத்தும் திறன் ஒரு காரணம் என்றால், பற்றாசு குறைந்த சூட்டிலேயே உருகுவதால் யாராலும் ரேடியேட்டரைத் திறந்து மூட முடிந்தது மற்றொரு காரணம். தொழில் வரலாற்றில் பின்னதே முதன்மையானது எனத் தோன்றுகிறது. சிறு நகரங்களிலும் ரேடியேட்டர் பட்டறைகள் இருந்தன. வண்டியிலிருந்து கழற்றிய ரேடியேட்டரை அங்கே கொதிக்கும் எரிசோடாக் கரைசலில் ஊறவைத்து, தீச்சுடரால் பற்றாசை இளக்கித் தொட்டியைப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் மெல்லிய கம்பியை நுழைத்து உப்புப் படிவை அகற்றி, மீண்டும் பற்றவைத்து, காற்றழுத்தம் கொடுத்து நீர்த்தொட்டியில் அமிழ்த்திக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். குழாய்கள் அரித்துப்போயிருந்தால், கோர் எனப்படும் நடுப்பகுதியை மட்டும் புதிதாக வாங்கிப் பழைய தொட்டிகளோடு இணைப்பார்கள். ‘மாற்று ரேடியேட்டர்’ என்று அக்காலத்தில் சொல்லப்பட்டது பெரும்பாலும் இந்த அரைப் புதுப்பித்தலையே குறித்தது.

குழாய் வரிசைக் கணக்கு வாங்குவோர் பேச்சில் நிலைத்தது இந்த வழக்கத்தினால்தான். ஒரே பட்டறையில் ஏறத்தாழ ஒரே அகலமுள்ள குழாய்களாலான கோர்களை ஒப்பிடும்போது, சுமை இழுக்கும் வண்டிக்கு இரண்டு வரிசைக்குப் பதில் மூன்றோ நான்கோ வரிசை போடுவது புரியக்கூடிய, விலை சொல்லக்கூடிய மேம்பாடாக இருந்தது. ஆயினும் பின்வரிசைக் குழாய்களை அடைவது முன்வரிசைகள் ஏற்கெனவே சூடாக்கிய காற்று என்பதால், வரிசை கூடக்கூட ஒவ்வொன்றும் சேர்க்கும் பயன் குறைந்துகொண்டே செல்லும்.

இத்தொழிலுக்கு இருண்ட பக்கமும் உண்டு. பற்றாசின் ஈயம் பட்டறைத் தொழிலாளரின் இரத்தத்தில் சேர்ந்தது. அவர்களின் உடையில் ஒட்டிய தூசியோடு வீட்டுக்கும் சென்றது. அமெரிக்கத் தென்பகுதியில் கள்ளச்சாராயம் காய்ச்சியவர்கள் ஆவியைக் குளிர்விக்கப் பழைய வண்டி ரேடியேட்டர்களைப் பயன்படுத்தியதால், குடித்தவர்களையும் ஈய நஞ்சு தாக்கியது.

டீசல் பிக்கப் இந்தக் கதைக்குள் நுழைந்தது 1970-களின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர். 1978-இல் ஷெவ்ரலே பிக்கப்பில் ஓல்ட்ஸ்மொபைலின் 5.7 லிட்டர் டீசலும், 1982-இல் 6.2 லிட்டர் டீசலும் வந்தன. 1983-இல் ஃபோர்டு, இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டரின் 6.9 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொண்டது. 1989 மாடல் ஆண்டில் டாட்ஜ், கம்மின்ஸின் 5.9 லிட்டர் ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சினைப் பொருத்தியது. டீசல் எஞ்சின் சும்மா ஓடும்போது மிகக் குறைந்த வெப்பத்தையே வெளியிடும். ஆனால் இழுவைப்பெட்டியோடு நீண்ட மலையேற்றத்தில் செல்லும்போது அதன் வெப்பம் முழுவதும் சேர்ந்து வருவதால், சாதாரண ஓட்டத்தில் குறை தெரியாத ரேடியேட்டர் அங்கே திணறிவிடும். மேலும், டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ரேடியேட்டருக்கு முன்னால் வைக்கப்பட்டபோது, ரேடியேட்டருக்குக் கிடைக்கும் காற்று முன்பே சூடாகியிருந்தது. ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியின் எண்ணெயைக் குளிர்விக்கும் கூலரும் பல வண்டிகளில் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே அமைந்திருந்தமையால், அதன் சுவர் அரித்தால் எண்ணெயும் நீரும் கலந்து கியர்பெட்டியே கெடும் நிலை ஏற்பட்டது.

இதே காலத்தில் அலுமினியம் செம்பை வெளியேற்றத் தொடங்கியிருந்தது. 1960-இலேயே கார்வெட் காரில் அலுமினிய ரேடியேட்டர் தரப்பட்டிருந்தாலும், அலுமினியத்தின் மேற்பரப்பில் உடனுக்குடன் உருவாகும் ஆக்சைடு படலம் அதை ஒட்டுவதைக் கடினமாக்கியது. அப்படலத்தைக் கரைத்த பின் உலோகத்தை அரிக்காத ஃபிளக்ஸ் என்னும் துணைப்பொருள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே, முழுக் கோரையும் ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் உலையில் ஒரே சூட்டில் இணைக்கும் பிரேசிங் முறை மலிவானது. 1975-இன் அமெரிக்கச் சட்டம் விதித்த எரிபொருள் சிக்கன அளவுகள் தயாரிப்பாளர்களை எடைக்குறைப்பை நோக்கித் தள்ளியதும், செம்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான அலுமினியம் கிடைத்ததும் ஒன்றோடொன்று பொருந்தின. தொட்டிகள் கண்ணாடி இழை கலந்த நைலானாக மாறி, ரப்பர் வளையத்தோடு விளிம்பு மடித்துப் பூட்டப்பட்டன. அலுமினியம் உருகுவதே 660 பாகையில் என்பதால், பட்டறைச் சுடரால் இத்தகைய கோரைத் திறந்து மூடுவது ஏறத்தாழ முடியாததாகிவிட, ரேடியேட்டர் பட்டறைகள் பலவும் படிப்படியாக முழு ரேடியேட்டர் விற்கும் கடைகளாயின. பழுதுபார்க்கத்தக்க பொருள் தூக்கியெறியப்படும் பொருளானதில் இழப்பு இருந்தாலும், ஈயத்தை நினைத்தால் அதை முற்றிலும் இழப்பு என்று சொல்லிவிட முடியாது.

செம்பே சிறந்தது என்னும் எண்ணம் இன்னும் நிலவுகிறது. செம்பு அலுமினியத்தைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு வெப்பங்கடத்துவது உண்மையே. ஆனால் ரேடியேட்டரில் வெப்பத்துக்குப் பெருந்தடையாக இருப்பது உலோகம் அல்ல, ஃபின்னிலிருந்து காற்றுக்கு வெப்பம் செல்லும் இடம்; ஆகவே அந்த வேறுபாடு சுருங்கிவிடுகிறது. அகலமான அலுமினியக் குழாய்கள் இரண்டு வரிசையிலேயே பழைய குறுகிய பித்தளைக் குழாய்களின் நான்கு வரிசைக்கு இணையான ஆழத்தை எட்டுவதால், வெவ்வேறு உலோகங்களின் வரிசை எண்ணை ஒப்பிடுவது பொருளற்றது.

இவ்வரலாற்றைக் கருதினால், இன்றைய டீசல் பிக்கப்புக்கு ரேடியேட்டர் தேர்ந்தெடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது காற்றை எதிர்கொள்ளும் முகப்பின் பரப்பு, ஃபின்களின் நெருக்கம், தொட்டி கோரோடு சேரும் இணைப்பு, தொட்டிக்குள் உள்ள எண்ணெய்க் கூலரின் தரம், விசிறிக்கூடு இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்பவையே. வரிசைகளின் எண்ணிக்கை அவற்றுக்குப் பின்னர்தான் வரும். 1980-களின் வண்டியில் அசல் பித்தளைத் தொட்டிகள் நல்ல நிலையில் இருந்து, கோர் மாற்றத் தெரிந்த பட்டறையும் எட்டும் தூரத்தில் இருந்தால் பழைய முறையே சிக்கனமானது. பிற வண்டிகளுக்கு நல்ல அலுமினிய ரேடியேட்டரே போதும்.