நுரையீரலின் கதை – 9: இதயத்துக்குள் 65 சென்டிமீட்டர்

மருத்துவ நூல்களில் நுரையீரல் உயர் இரத்த அழுத்தம் தனியொரு நோயாக இடம்பெறுவதற்கு 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை காத்திருக்க நேர்ந்தது. உயிரோடிருக்கும் மனிதரிடம் அந்த அழுத்தத்தை அளக்க அதுவரை வழி இல்லாமையே அதற்குக் காரணம். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடைத்து அளக்கும் அழுத்தம், உடல் முழுவதற்கும் இரத்தத்தை அனுப்பும் இடப்பக்க இதயத்தைச் சார்ந்தது. உயிர்வளி குறைந்த இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்பும் வலப்பக்க இதயமும், அதிலிருந்து புறப்படும் நுரையீரல் தமனியும் மார்புக்கூட்டின் நடுவே புதைந்து கிடப்பவை. பட்டையோ விரலோ அங்கே எட்டாது. சென்ற இதழில் கண்ட எர்ன்ஸ்ட் ஃபான் ரோம்பெர்க் 1891-இல் நுரையீரல் தமனிகள் தடித்து இறுகியிருந்ததை விவரித்தது பிணப் பரிசோதனை மேசையில்தான் என்பதும், அந்த நோயாளியின் உயிர் இருந்தபோது அத்தமனிகளில் என்ன நடந்தது என்பதை அவரால் ஊகிக்க மட்டுமே முடிந்தது என்பதும் வாசகர் அறிந்தவை.

இந்த ஊகத்தை எண்ணாக மாற்றிய நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை ஆய்வுகளே இந்த இதழின் பொருள் என்று சென்ற வாரம் அறிவிக்கப்பட்டிருந்தது. எனினும் பெல்வியூவுக்குச் செல்லும் பாதை பெர்லினுக்கு வடகிழக்கே உள்ள எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூரின் வழியாகத்தான் போகிறது. அங்கே 1929-ஆம் ஆண்டின் கோடையில் நிகழ்ந்ததை இரண்டு வரிகளில் சொல்லிக் கடந்துவிடும் பாடநூல்களின் சிக்கனத்தை இத்தொடர் பின்பற்றப் போவதில்லை.

எபர்ஸ்வால்டேயின் அவுகுஸ்டே விக்டோரியா மருத்துவமனையில் பயிற்சி அறுவை மருத்துவராக இருந்த வெர்னர் ஃபோர்ஸ்மன் 1904-இல் பெர்லினில் பிறந்தவர். பட்டம் பெற்று அதிக காலம் ஆகாதவர். நுரையீரல் நோயில் எந்த ஈடுபாடும் இல்லாதவர். அவரைத் தூங்கவிடாமல் செய்தது வேறொரு கேள்வி. இதயம் நின்றுபோகும் தறுவாயில் மார்பின் வழியாக நேராக இதயத்துக்குள் ஊசி குத்தி மருந்து செலுத்துவது அக்கால வழக்கம். அந்த ஊசி இதயத்தசைக்கு இரத்தம் தரும் நாளத்தைக் கிழிக்கக்கூடும், இதய உறைக்குள் இரத்தம் கசியச் செய்யவும் கூடும். சிரையின் வழியாக, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் நாளத்தின் வழியாக, மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி இதயத்தை அடைய முடிந்தால் இந்த ஆபத்துகள் நீங்கும் என்று அவர் கருதினார். அந்த எண்ணத்துக்கு வித்திட்டது பழைய குதிரைச் சோதனை ஒன்றைக் காட்டும் படம். பிரெஞ்சு ஆய்வாளர்களான ஷோவோவும் மரேயும் 1860-களின் தொடக்கத்தில் குதிரையின் கழுத்துச் சிரை வழியாகக் குழாயை இதயம் வரை செலுத்தி உள்ளே உள்ள அழுத்தத்தையும் பதிவு செய்திருந்தனர். குதிரை நின்ற நிலையிலேயே அதைத் தாங்கிக்கொண்டது. குதிரைக்குத் தெரிந்த எண் மனிதனுக்குத் தெரியாமல் ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழிந்தன என்பது இத்துறையின் விசித்திரங்களுள் ஒன்று.

ஃபோர்ஸ்மன் தம் தலைமை மருத்துவர் ரிச்சர்ட் ஷ்னைடரிடம் அனுமதி கேட்டார். நோயாளியிடம் செய்து பார்ப்பதற்கு மறுப்பு வந்தது. தம்மிடமே செய்துகொள்கிறேன் என்றபோதும் மறுப்பே வந்தது. ஷ்னைடர் அக்குடும்பத்தின் நண்பர் என்பதால், கணவரைப் போரில் இழந்த தாய்க்கு ஒரே மகனின் சாவுச் செய்தியைக் கொண்டுசெல்ல அவர் விரும்பவில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்தக் கதையைச் சொல்லும் பலர் அவரைக் கோழையாகச் சித்திரிப்பது நியாயமன்று. அன்றைய அறிவின்படி இதயத்தைத் தொட்ட குழாய் அதன் துடிப்பைக் குலைத்துக் கொல்லக்கூடும் என்ற அச்சம் ஆதாரமற்றதாக இருக்கவில்லை.

அறுவைக் கருவிகளின் சாவி செவிலியர் கெர்டா டிட்ஸனிடம் இருந்தது. ஃபோர்ஸ்மன் தம் திட்டத்தை அவரிடம் படிப்படியாக விளக்கி நம்பிக்கையைப் பெற்றார்; முதல் சோதனை தம்மீதே நடக்கட்டும் என்று டிட்ஸன் முன்வந்தார். நண்பகல் ஓய்வு வேளையில் ஃபோர்ஸ்மன் அவரை அறுவை மேசையில் படுக்க வைத்துக் கைகால்களைப் பட்டையால் பிணைத்து, அவர் கையில் அயோடினைத் தடவிவிட்டு, அவர் கண்ணுக்கு எட்டாத பக்கம் திரும்பித் தம் இடது முழங்கை மடிப்பை மரத்துப்போகச் செய்து, சிரையைத் திறந்து, 65 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறுநீர்க்குழாய்க் கத்தீட்டரை உள்ளே செலுத்தத் தொடங்கினார். கத்தீட்டர் என்பது உடலின் நாளங்களுக்குள் செலுத்தும் வளையும் தன்மையுள்ள மெல்லிய குழாய். அன்று பயன்பட்டது சிறுநீரகத்துக்குச் செல்லும் பாதைக்காகச் செய்யப்பட்டது. தாம் ஏமாற்றப்பட்டதை டிட்ஸன் உணர்ந்து கொதித்தெழுந்தபோது குழாய் தோள்வரை போயிருந்தது. பட்டைகள் அவிழ்க்கப்பட்டன, இருவரும் படியிறங்கி எக்ஸ்ரே அறைக்கு நடந்தனர். அங்கே ஓடிவந்த சக மருத்துவர் பீட்டர் ரோமைஸ் குழாயைப் பிடுங்க முயன்றதாகவும், ஃபோர்ஸ்மன் அவரைக் காலால் உதைத்துத் தடுத்ததாகவும், டிட்ஸன் பிடித்த கண்ணாடியில் ஒளிர்திரையின் பிம்பத்தைப் பார்த்தபடியே குழாயை மேலும் தள்ளி நுனியை வலப்பக்க இதயத்தில் நிறுத்தியதாகவும் வரலாறு கூறுகிறது. படம் எடுக்கப்பட்டது. கோபத்தில் இருந்த ஷ்னைடர் அந்தப் படத்தைக் கண்டதும் தணிந்தார்.

இவற்றில் மேசையில் பிணைத்த காட்சி முதலானவை ஃபோர்ஸ்மன் 1972-இல் வெளியிட்ட தன்வரலாற்றிலிருந்து வருபவை. 1929 நவம்பரில் ‘கிளினிஷே வோகன்ஷ்ரிஃப்ட்’ இதழில் வெளியான அவருடைய கட்டுரை இதைவிட மிக அடக்கமான தொனியில் அமைந்தது. நாற்பதாண்டு இடைவெளியில் நினைவு சற்று அலங்கரித்துக்கொண்டிருக்கலாம். ஆனால் எக்ஸ்ரே படம் அலங்காரம் அன்று. இந்த நாடகத்தில் வீரம் யாருடையது என்று கேட்டால், நோபல் பட்டியலில் இடம்பெறாத டிட்ஸனுக்கும் ஒரு பங்கு தர வேண்டும். தம் உடலைக் கொடுக்க ஒப்புக்கொண்டவர் அவர், அந்த ஒப்புதலைத் தந்திரமாகப் பயன்படுத்திக்கொண்டவர் ஃபோர்ஸ்மன். இன்றைய நெறிக்குழுக்களின் முன் அந்தத் தந்திரம் ஒரு நிமிடமும் நிற்காது.

கட்டுரை வெளிவந்ததும் பெர்லினின் எர்ன்ஸ்ட் உங்கர், தாமும் ப்ளைக்ரோடரும் 1912-லேயே இத்தகைய முயற்சியில் ஈடுபட்டதாக உரிமை கோரினார். அவர்களிடம் எக்ஸ்ரே சான்று இல்லை. இதைவிடக் கொடிய அடி பெர்லினின் சாரிட்டே மருத்துவமனையில் விழுந்தது. அங்கே அறுவை மருத்துவத்தின் முடிசூடா மன்னராக விளங்கிய ஃபெர்டினாண்ட் சாவர்புருக், இத்தகைய வித்தைகள் சர்க்கஸ் கூடாரத்துக்கு உரியவை என்ற பொருள்படப் பேசி இளைஞரை வெளியேற்றியதாகச் சொல்லப்படுகிறது. மார்பைத் திறந்து நுரையீரலில் அறுவை செய்ய வழிகாட்டிய அதே மனிதர், மார்பைத் திறக்காமலே இதயத்துக்குள் போகும் வழியைக் கண்டும் அதன் அருமையை உணரவில்லை. மேதைமையும் செருக்கும் ஒரே ஆளிடம் குடியிருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று இத்தொடரில் இதுவரை வரவில்லை.

ஃபோர்ஸ்மன் ஓயவில்லை. எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரியும் மருந்தை நாய்களின் வலப்பக்க இதயத்துக்குள் செலுத்திப் படம் எடுத்தார். அந்த நாய்களைத் தம் தாயின் வீட்டில் வளர்த்து மோட்டார் சைக்கிளில் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். பின்னர் அதே மருந்தைத் தம் இதயத்துக்குள்ளும் செலுத்திக்கொண்டு 1931-இல் அதையும் வெளியிட்டார். ஆதரிப்பார் இல்லாததால் இதயத்தை விட்டுச் சிறுநீரியலுக்கு மாறினார். அவர்மீது எழும் வியப்பு இங்கே தடுமாற வேண்டும். 1932-லேயே, அதாவது ஹிட்லர் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, அவர் நாஜிக் கட்சியில் சேர்ந்தார், ஆகவே ஆட்சியின் நெருக்கடியால் சேர்ந்தார் என்று அவருக்காக வாதாட வழியில்லை. போரில் இராணுவ மருத்துவராகி, அமெரிக்கரிடம் கைதியாகி, விடுதலைக்குப் பின் மருத்துவத் தொழில் தடைசெய்யப்பட்ட காலத்தில் மரம் வெட்டியும் பிழைத்து, பிறகு கருங்காட்டுப் பகுதியில் மருத்துவரான மனைவியோடு கிராமப்புறத்தில் மருத்துவம் பார்த்து, 1950 முதல் பாட் க்ரோய்ட்ஸ்நாஹ் என்னும் ஊரில் சிறுநீரியல் மருத்துவராக வாழ்ந்தார். நாஜிகள் எழுந்த அதே காலத்தில் ப்ராகு நகரின் ஓட்டோ க்ளைன், 1930-லேயே இந்த முறையை நோயாளிகளிடம் பயன்படுத்தி இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் இரத்த அளவைக் கணக்கிட்டவர், யூதர் என்பதால் நாட்டைவிட்டு அர்ஜென்டினாவுக்குப் போக வேண்டியவரானார். ஒருவர் அந்தக் கட்சியில் சேர்ந்தார், மற்றவர் அக்கட்சியால் துரத்தப்பட்டார். நோபல் பரிசு முன்னவருக்குப் போனது.

க்ளைன் பயன்படுத்திய கணக்கு பெல்வியூவின் வாசலையும் திறந்தது. அடோல்ஃப் ஃபிக் 1870-இல் முன்வைத்த விதியின்படி, உடல் ஒரு நிமிடத்தில் உட்கொள்ளும் உயிர்வளியின் அளவும், நுரையீரலுக்குள் நுழையும் இரத்தத்துக்கும் அதிலிருந்து வெளியேறும் இரத்தத்துக்கும் இடையே உள்ள உயிர்வளி வேறுபாடும் தெரிந்தால் இதயத்தின் வெளியேற்றத்தை அறியலாம். வெளியேறும் இரத்தத்தைக் கையின் தமனியில் எடுத்துவிடலாம். நுழையும் இரத்தம் வலப்பக்க இதயத்தை அடைந்த பிறகே முழுமையாகக் கலந்திருக்கும். நுரையீரலும் இதயமும் சேர்ந்து ஒரே அமைப்பாக இயங்குவதை ஆராய முனைந்த டிக்கின்சன் ரிச்சர்ட்ஸுக்கும், பாரிசில் பிறந்து 1930-இல் நியூயார்க் வந்த அந்த்ரே கூர்னானுக்கும் அந்தக் கலந்த இரத்தம் தேவைப்பட்டது. நாய்களிடமும் ஒரு சிம்பன்ஸியிடமும் ஆண்டுக்கணக்கில் பழகிய பிறகே அவர்கள் மனிதரிடம் வந்தனர். 1941-இல் கூர்னானும் ஹில்மர்ட் ரேஞ்சஸும் வலது மேலறைக்குள், அதாவது சிரை இரத்தம் முதலில் வந்துசேரும் அறைக்குள், கத்தீட்டர் செலுத்தியதை வெளியிட்டனர். போர்க்காலத்தில் காயத்தாலும் இரத்தப்போக்காலும் அதிர்ச்சி நிலைக்குச் சென்றவர்களிடம் இந்த முறை பயன்பட்டது. குழாயின் நுனி மேலறையிலிருந்து கீழறைக்கும், அங்கிருந்து நுரையீரல் தமனிக்கும் முன்னேறி, அங்குள்ள அழுத்தம் பதிவாகத் தொடங்கியது 1940-களின் நடுப்பகுதியில்.

அந்தப் பதிவுகள் காட்டியது இது: உடற்சுற்றில் சராசரி அழுத்தம் பாதரச அளவில் 90 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க, நுரையீரல் தமனியில் அது ஏறத்தாழ 14 மட்டுமே. உடலெங்கும் செல்லும் அதே ஐந்து லிட்டர் இரத்தம் ஒவ்வொரு நிமிடமும் நுரையீரலைக் கடக்கிறது, ஆனால் ஆறில் ஒரு பங்கு விசையில் கடக்கிறது. வலது கீழறையின் சுவர் மெல்லியதாக இருப்பது அதனால்தான். தமனிகள் குறுகி எதிர்ப்பு ஏறினால் அந்த மெல்லிய சுவர் முதலில் தடித்து, பின் விரிந்து, இறுதியில் தளர்கிறது. ரோம்பெர்க் மேசையில் கண்ட இதயத்துக்குரிய விளக்கம் இதுவே. ஃபோர்ஸ்மன் இந்த எண்களுள் ஒன்றைக்கூட அளக்கவில்லை. அவருடைய 1929 கட்டுரை முதன்மையாக மருந்து செலுத்தும் வழியைப் பற்றியது. உண்மையான திருப்புமுனை பெல்வியூவின் பொறுமையான பதிவுகளில்தான் உள்ளது. கதைச்சுவை மட்டும் எபர்ஸ்வால்டேயில் தங்கிவிட்டது, இந்த இதழின் பெரும்பகுதியும் அதனோடு தங்கிவிட்டது.

1956-இல் கூர்னான், ரிச்சர்ட்ஸ், ஃபோர்ஸ்மன் மூவருக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டபோது, தம்மை பிஷப்பாக உயர்த்திவிட்டார்கள் என்ற செய்தியைக் கேட்ட கிராமப் பாதிரியாரின் நிலையில் தாம் இருப்பதாக ஃபோர்ஸ்மன் கூறினார். அதன் பிறகும் அவர் பெரிய இதய ஆய்வாளர் ஆகவில்லை. துறை அவரைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. 1979-இல் இதயச் செயலிழப்பால் இறந்தார்.

ஸ்டாக்ஹோமில் ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் 1946-இல் பூனைகளுக்கு உயிர்வளி குறைந்த காற்றைக் கொடுத்து நுரையீரல் தமனியின் அழுத்தம் ஏறுவதைக் கண்டதும், அடுத்த ஆண்டே பெல்வியூ குழுவினர் 10 விழுக்காடு உயிர்வளி மட்டுமே உள்ள காற்றை மனிதர்களைச் சுவாசிக்கச் செய்து அதே ஏற்றத்தைக் கண்டதும் தனி இதழ் பெற வேண்டியவை. உடலின் பிற இடங்களில் உயிர்வளி குறைந்தால் விரியும் தமனிகள் நுரையீரலில் மட்டும் சுருங்குவது ஏன் என்பதும், 1951-இல் டேவிட் ட்ரெஸ்டேல் காரணம் புலப்படாத நோயாளிகளைத் தனியே பிரித்து ‘முதன்மை’ நுரையீரல் உயர் அழுத்தம் எனப் பெயரிட்டதும், 1965 முதல் சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளில் உடல் எடை குறைக்க விற்கப்பட்ட ஒரு மாத்திரை அந்த அரிய நோயைத் திடீரென்று மருத்துவமனை வாசல்களில் பெருகச் செய்ததும் அடுத்த இதழில் இடம்பெறும்.